மூன்றாம் பெட்டியின் வாசல்

காலை எட்டேகாலுக்கு அந்த நிறுத்தத்தில் பதினொன்றாம் நம்பர் பேருந்தும் பதினேழாம் நம்பரும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். கண் தெரிந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ரேடியோ என்று வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் கூப்பிடும் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது என்பதால், யாரையாவது கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். கேட்பதில் அவளுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. பதில் சொல்கிற ஆள்தான் வில்லங்கம். நிழற்குடையில் தினமும் அவளுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உட்காருவார். அவள் வேறு யாரையாவது கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "பதினொண்ணுதாம்மா, ஏறு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பை நம்பிப் பதினேழில் ஏறி, ஊர்க்கோடியில் இருக்கும் கோழிப்பண்ணையைச் சுற்றிக்கொண்டு அவள் வேலைக்குப் போனது இந்த வருடத்தில் மட்டும் நான்கு தடவை.

அதனால், நகரத்துப் பேருந்து நிறுத்தங்களை எல்லாம் பேசவைக்கிற வேலை அவள் கணினி நிரல் எழுதுகிற கம்பெனிக்கு வந்தபோது, அறிவிப்புப் பகுதியை நான்தான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எழுதியும் முடித்தாள். இன்ன நம்பர், இன்ன இடத்துக்குப் போகிறது, இத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தம் அழகாகப் பேசியது. ஒரே ஒரு குறைதான். இரண்டு பேருந்துகள் சேர்ந்து வந்தால் இரண்டு அறிவிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சந்தைக்கடை ஆகிவிடும். அதைச் சரிசெய்ய வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் நேரம். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை நிறுத்தங்கள் பேசியாக வேண்டும். அரை நாள் வேலை. அவள் கவலைப்படவே இல்லை.

கவலை அந்த வாரத் திங்கட்கிழமையே வந்தது, பெட்டி வடிவத்தில்.

கம்பெனியில் ஒருவன் இருந்தான். எந்த நிரலைக் கொடுத்தாலும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து ஒரே கன்டெய்னருக்குள் போட்டு மூடிவிடுவான். அப்படி மூடிவிட்டால் எந்தக் கணினியில் கொண்டுபோய் இறக்கினாலும் உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அவனுக்குப் பொட்டலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா. வீட்டிலும் குழந்தைகளைத் துணியில் சுற்றிச் சுற்றியே கை பழகிவிட்டது என்று தானே சொல்லிக்கொள்வான். கேலியில் பங்கெடுக்கத் தெரிந்த ஆள் என்பதால் ரேடியோவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவன்தான். அவளுடைய கணினி, திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டு, நாள் முழுக்க அவள் காதுக்குள் பேசிக்கொண்டே இருக்கும், அதுவும் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில்.

அந்தத் திங்கட்கிழமை பழைய சர்வரை மூடிவிட்டு, பேருந்து நிரல் முழுவதையும் மூன்றாம் பெட்டி என்கிற புதுக் கன்டெய்னருக்குள் மாற்றியிருந்தார்கள். காலையில் எல்லாரும் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்ததும் கைதட்டியதும் ரேடியோவின் காதில் விழுந்தது. ஏதோ கைபேசிக் கூத்து என்று நினைத்துக்கொண்டு, அவள் நிரல் எழுதும் மென்பொருளான தன் எடிட்டரிடம் பெட்டிக்குள் இருக்கும் தன் ஃபைலைத் திறக்கச் சொன்னாள். அந்த எடிட்டர் பதினைந்து வருடப் பழக்கம். எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிற ஃபைலைக்கூடப் பக்கத்து மேசையில் இருப்பதுபோல எடுத்துவந்து வரி வரியாக வாசித்துக் காட்டும். "இணைகிறேன்" என்றது. அதோடு சரி. அறுபது நொடி கழித்து, "பதில் இல்லை" என்றது. மறுபடி சொன்னாள். மறுபடி அறுபது நொடி.

பதினோரு மணிக்குப் பொட்டலம் அவள் மேசைக்கு வந்து, குரலில் ஒரு குழைவோடு கேட்டான்.

"மூணாம் பெட்டிய பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன், பாத்தேன். காலைலேருந்து என் வேலைக்குக் குறுக்க நிக்குது. யாரு கேட்டா இதை?"

அவன் அப்படியே திரும்பிப் போனான். அன்றிலிருந்து அவள் பக்கமே வரவில்லை. தேநீர் அறையில் அவள் நுழைந்தால் அவனுடைய கரண்டிச் சத்தம் நின்றுவிடும், ஆள் நழுவிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தாள். பெட்டியின் பெயர் சரி. பயனர் பெயர் சரி. எடிட்டர் பழைய சர்வரைப் பற்றி வைத்திருந்த ஞாபகங்களை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள், பலனில்லை. எடிட்டர் இல்லாமல் கையால் கட்டளை கொடுத்தால் பெட்டிக்குள் நேராகப் போக முடிந்தது, ஃபைல் பட்டியலும் வந்தது. வீட்டுக்காரிக்குத் திறக்கிற கதவு, கூட வந்த தோழிக்கு மட்டும் திறக்கவில்லை. அதே எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்களின் குழுவில் எழுதிக் கேட்டாள். ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழு பேரும் சொன்னது, தங்களுக்கு வேலை செய்கிறது என்பதுதான்.

ஃபைலை வெளியே எடுத்துத் திருத்தி உள்ளே வைக்கலாம்தான். போன மாதம் ஒரு புண்ணியவான் அப்படிச் செய்கிறேன் என்று பழைய பிரதியை உள்ளே வைத்து, நாலு பேருடைய இரண்டு நாள் வேலையைத் துடைத்துவிட்டிருந்தார். அன்றோடு அதற்குத் தடை. மற்றவர்கள் வைத்திருக்கிற நவநாகரிக எடிட்டருக்கு மாறலாமே என்றால், புதன்கிழமை அதையும் செய்து பார்த்தாள். அது திறந்ததும் அவள் காதில், "பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான், பொத்தான்" என்று பாடியது. அரை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தன் ஃபைலில் ஒரு வரியைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன்கிழமை மாலை மேலாளர் கூப்பிட்டார். எந்த வாக்கியத்தையும் கெடுவில்தான் முடிப்பார் என்பதால் கெடு மேடம் என்று பெயர். கெட்டவர் இல்லை, மேலேயிருந்து அவரை நெருக்கினார்கள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எடிட்டர் திறக்காவிட்டால் அறிவிப்பு ஃபைல் பொட்டலத்தின் கைக்குப் போகும். ரேடியோ இனி பரிசோதனைப் பிரிவில் இருந்துகொள்ளலாம். இரண்டு பேருந்து சிக்கலுக்கு எளிய வழியாக, இரண்டாவது அறிவிப்பை நிறுத்திவிடலாம். முதல் பேருந்தை மட்டும் சொன்னால் போதாதா?

"ரெண்டாவது வண்டில ஏற வேண்டியவ என்ன பண்ணுவா மேடம்?" என்று கேட்டாள் ரேடியோ.

மேடம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி என்று மறுபடியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டாள். அவள் கணவர் பல் செட் செய்கிறவர். முன்னறைதான் பட்டறை, மேசை மேல் யார் யாருடையதோ பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் ரோஸ் நிற மெழுகை உருக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பொட்டலம் வேண்டுமென்றே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், தன் ஃபைல் மேல் அவனுக்கு ஒரு கண், பெட்டியைக் கட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகும், ஆனால் செத்தாலும் கேட்க மாட்டேன் என்று பொரிந்து தள்ளினாள். கணவர் ஒரு கடைவாய்ப் பல்லை ஊதி மேசையில் வைத்தார்.

"கடிக்கிறப்ப வலிக்குதுன்னு வர்றாங்க. பல்லத்தான் குறை சொல்றாங்க. அளவு எடுக்கறப்ப நாக்க எங்க வச்சிருந்தாங்கன்னு யாரும் சொல்றதில்ல. நீ வாசல்ல என்ன நடக்குதுன்னு பாத்தியா?"

அவருக்குக் கன்டெய்னரும் தெரியாது, கத்திரிக்காயும் தெரியாது. ஆனாலும் வாசல் என்ற சொல் அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. உள்ளே போக முடியவில்லை என்று மூன்று நாளாக உள்ளேயே தேடிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை வேறொரு வேலை முழு நாளையும் விழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் எடிட்டரின் லாக் என்கிற செயல்பதிவேட்டைக் கடைசி அளவுக்குத் திறந்துவிட்டாள். இனி எடிட்டர் தும்மினாலும் இருமினாலும் அதில் எழுதி வைக்கும். மறுபடி ஃபைலைத் திறக்கச் சொல்லி, அறுபது நொடி பொறுத்து, லாக்கை வாசிக்க வைத்தாள். எடிட்டர் பெட்டியின் கதவைத் தட்டியிருந்தது. கதவு திறந்திருந்தது. அதன் பிறகு, "வாசல் குறிக்காகக் காத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அமைதி. அதற்கும் பிறகு, "பதில் இல்லை."

வாசல் குறி என்பது ஒரு சின்னச் சம்பிரதாயம். எந்தச் சர்வருக்குள் நுழைந்தாலும், உள்ளே வா, இனிக் கட்டளை கொடு என்பதற்கு அடையாளமாக வரியின் கடைசியில் ஒரு டாலர் குறி வந்து நிற்கும். மனிதர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. எடிட்டர் அப்படியல்ல, அந்தக் குறியைக் காணாமல் ஓர் அடி எடுத்து வைக்காது.

அவள் அந்த அமைதிக்குள் விரலை விட்டாள். வரி வரியாகக் கீழே இறங்கினாள். குரல் ஒன்றும் சொல்லவில்லை. வெற்று வரிகள் என்று நகரப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வரியின் நீளத்தைக் கேட்டாள்.

"நாற்பத்திரண்டு" என்றது குரல்.

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெற்று வரியில் ஏது நாற்பத்திரண்டு? அடுத்த வரி, நாற்பத்திரண்டு. அதற்கடுத்ததும் அதேதான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், நிரலை அலங்கரிக்கிறேன் என்று சகாக்கள் அறுபது கோடுகளை வரிசையாகப் போட்டு வைக்க, குரல் அறுபது தடவை "கோடு, கோடு" என்று ஓதி அவள் உயிரை எடுத்தது. வெறும் குறிகள் மட்டுமே உள்ள நீள வரி வந்தால் வாயைத் திறக்காதே என்று அன்றைக்கு ஓர் உத்தரவு போட்டாள். போட்டதையே மறந்தும் போனாள். உத்தரவை இப்போது நீக்கினாள். குரல், ஐந்து வருடத்துக்கும் சேர்த்துப் பேசியது. கீழ்க்கோடு, கீழ்க்கோடு, கீழ்க்கோடு, சாய்கோடு, அடைப்பு, புள்ளி, அடைப்பு, செங்குத்துக்கோடு. பதினோரு வரி. கடைசி வரியில், டாலர் குறி நிற்க வேண்டிய இடத்தில், குரலுக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று. அங்கே வந்ததும் மௌனமாகிவிட்டது.

பெட்டி கெட்டுப்போய்க் குப்பையைக் கக்குகிறது என்று நினைத்தாள். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு இன்னும் அரை மணி. செத்தாலும் கேட்க மாட்டேன் என்று சொன்னவள் எழுந்து, அறையைக் கடந்து போய், பொட்டலத்தின் நாற்காலி முதுகைத் தட்டினாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் வாங்க. கடைசி வரியோட முடிவுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அவன் வந்து திரையைப் பார்த்தான்.

"இசைக்குறிக்கா. பாட்டுக்குப் போடற குறி."

"சர்வர் வாசல்ல பாட்டுக்கு என்ன வேலை?"

"ரேடியோலேருந்து வர்ற மாதிரி இருக்கட்டும்னு வச்சேன்."

"எந்த ரேடியோ?"

பக்கத்து மேசைக்காரர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவன் மெல்ல, கூச்சத்தோடு சொன்னான். தான் கட்டுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் வாசலில் குறிகளாலேயே ஒரு படம் போடுவது அவன் வழக்கம். முதல் பெட்டிக்குக் கெடு மேடத்துக்காக ஓர் அலாரம் கடிகாரம். இரண்டாவதற்குத் தனக்காக ஒரு பொட்டலம். பேருந்துப் பெட்டி அக்காவுடைய பெட்டி என்பதால் ஒரு ரேடியோ. குமிழ், ஒலிபெருக்கி, ஏரியல் எல்லாம் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, இரண்டு குழந்தைகளையும் இரண்டு தொடையில் படுக்கவைத்துக்கொண்டு வரைந்தான். படத்துக்குக் கீழே பெயர் எழுதலாமா என்று யோசித்தான். பார்த்தாலே தெரியுமே என்று விட்டுவிட்டான்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"பாத்தாலே தெரியுமா?" என்றாள் ரேடியோ.

"நீங்க குறுக்க நிக்குதுன்னு சொன்னீங்கக்கா. பிடிக்கலன்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஐந்து நாள். ஐந்து நாளாக வாசலில் நின்று அவளைத் தடுத்துக்கொண்டிருந்தது அவளுக்கே போட்ட வரவேற்பு. அவளோ இவன் ஃபைலைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று வீட்டில் பல் செட்டுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியிருக்கிறாள். கோபம் அப்படியே சிரிப்பாக மாறியது. அப்படி ஒரு சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதில் காதிலிருந்த ஹெட்போன் கழன்று, வயரும் பிடுங்கிக்கொண்டது. குரல் அறை முழுக்கக் கேட்கும்படி, "கீழ்க்கோடு, கீழ்க்கோடு, அடைப்பு, புள்ளி" என்று அவளுடைய படத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியது. அதற்கப்புறம் அந்த அறையில் சிரிக்காதவர் யாரும் இல்லை.

பொட்டலம் படத்தை உடனே அழித்துவிடுகிறேன் என்று விசைப்பலகையை இழுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல கை வச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு. எனக்குன்னு போட்ட படம் அது. அங்கயே இருக்கட்டும்."

வழி இருந்தது. அவளுடைய எடிட்டர் எந்த வாசலுக்குப் போனாலும், நான் வெறும் எழுத்து மட்டும் படிக்கிற எளிய பேர்வழி, வண்ணமும் படமும் எனக்கு வேண்டாம் என்று ஒரு சீட்டைக் காட்டும். அந்தச் சீட்டைக் காட்டுகிறவர்களுக்குப் படம் கிடையாது, இசைக்குறி கிடையாது, ஒற்றை டாலர் குறி போதும் என்று வாசலில் இரண்டு வரி எழுத வேண்டியதுதான். அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பெட்டியைப் புதிதாகக் கட்ட ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் கெடு மேடம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ரேடியோ ஃபைலைத் திறக்கச் சொன்னாள். "இணைகிறேன்" என்றது எடிட்டர். மூச்சு விடுவதற்குள் அவள் ஃபைலின் முதல் வரியை வாசிக்கத் தொடங்கிவிட்டது. அவள் எழுதிய வரி. சந்தோஷத்தில் மூன்று தடவை அதே வரியை வாசிக்க வைத்துக் கேட்டாள்.

மிச்சம் அரை நாள் வேலைதான் என்று அவள் நினைத்திருந்தது தப்பில்லை. ஓர் அறிவிப்பு பேசிக்கொண்டிருந்தால் அடுத்தது பொறுத்திருக்க வேண்டும். முதல் பேருந்து நிற்கும் இடமும் இரண்டாவது நிற்கும் இடமும் தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும். நம்பரை இரண்டு தடவை சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை யாராவது இருமுவார்கள். மூன்று இருபதுக்கு முடித்து, ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாள். எல்லாரும் வாயை மூடிக் கேட்டார்கள். கெடுவுக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே ஒரு வேலை முடிந்ததைத் தன் ஆயுளில் முதல் தடவையாகக் காண்பதாக மேடம் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பொட்டலம் ஓடிவந்து, படத்தைப் பெரிதாக அச்சடித்த தாளை அவள் கையில் திணித்தான். மறக்காமல் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருப்பதாகவும் சொன்னான். கையால் பெட்டிக்குள் நுழைந்தால் அவளுக்கு அது கேட்குமாம். அவள் அங்கேயே பையைக் கீழே வைத்துவிட்டு நுழைந்து பார்த்தாள். கீழ்க்கோடு, செங்குத்துக்கோடு எல்லாம் ஓடி முடித்த பிறகு குரல் சொன்னது: "ரேடியோ வந்தாச்சு, வழி விடுங்க."

அந்தத் தாளைப் பார்த்துக் கணவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து வேலை செய்தார். ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரேடியோ. குமிழுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள். ரேடியோ அதை விரலால் தடவித் தடவி, ஒலிபெருக்கியின் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணினாள். பொட்டலம் ஏரியலைக் கொஞ்சம் கோணலாக வரைந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அத்தனை பேர் பார்த்தும் யாரும் சொல்லாத குறை அது.

திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தாள். தபால்காரர் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எட்டு பதினாலு ஆனது. தலைக்கு மேலிருந்து நிறுத்தம் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சின்ன ஒலி எழுப்பியது.

"பதினேழு. பதினேழு. கோழிப்பண்ணை வழி. முன்னால் நிற்கிறது." கொஞ்சம் இடைவெளி. "பதினொன்று. பதினொன்று. நகர மையம். பின்னால் நிற்கிறது."

ரேடியோ எழுந்தாள். இன்று தபால்காரர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அவரும் எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒண்ணும் ஏழும் எனக்கு ஒரே மாதிரிதாம்மா தெரியும், ரெண்டு வருஷமா. ரெண்டுல எதுன்னு தெரியாம நானும் குத்துமதிப்பாத்தான் ஏறுவேன். யார்கிட்டயும் சொல்லிக்கல."

இரண்டு வருடமாக அவரைத் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் கரைந்துபோயிற்று. எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். கோழிப்பண்ணைக்கு முந்தின நிறுத்தம், மகள் வீடு என்றார் அவர்.

"அப்ப உங்க வண்டி முன்னாடி நிக்குதுங்கய்யா. ஏறுங்க" என்றாள் ரேடியோ.

அவர் ஏறுகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, தன் வண்டியைப் பார்த்து நடந்தாள்.